தகப்பனும் பிரம்பும்: 'சிட்சை' என்ற சொல்லை முன்வைத்து

கிறிஸ்தவ விசுவாசி ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? செய்த பாவத்துக்கான தண்டனை என்பதா, அல்லது பிள்ளையைத் திருத்துவதற்காகத் தகப்பன் தரும் சிட்சை என்பதா? இறையியல் மாணவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியென்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே கிறிஸ்தவர்கள் கணிசமானோர். ஊரிலேயே கத்தோலிக்கராக, அங்கிலிக்கராக, மெதடிஸ்தராக, தென்னிந்தியத் திருச்சபையினராகப் பிறந்தவர்களும் உண்டு; இங்கு வந்தபின் பெந்தகொஸ்தே சபைகளில் சேர்ந்தவர்களும் உண்டு. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட வீட்டிலும், பாரிசவாதத்தில் விழுந்த கணவனைப் பராமரிக்கும் பெண்ணின் வீட்டிலும், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழுகிறது. பதிலும் ஆயத்தமாகவே இருக்கிறது: 'கர்த்தர் உங்களில் அன்பாயிருக்கிறபடியால்தான் சிட்சிக்கிறார்.'

இந்தப் பதிலையே நாம் இங்கு ஒரு பிரதியைப்போல வாசித்துப் பார்க்க விரும்புகிறோம். அது யாரால், யாருக்கு, எந்த இடத்தில் நின்று சொல்லப்படுகிறது? சொல்லப்பட்டபின் என்ன செய்கிறது? விசுவாசத்தைப் பழிப்பது எமது நோக்கமல்ல. விசுவாசிகள் தாமே புனிதமெனக் கொள்ளும் நூல்களுக்குள் நின்றே இந்தக் கேள்விகளைக் கேட்கலாம் என்பதுதான் எமது கருத்து.

முதலில் திருச்சபைகளின் நிலைப்பாடுகளை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்துப் பொதுச்சங்கம் கத்தோலிக்க நிலைப்பாட்டை வரையறுத்தது. பாவத்தின் குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னரும் அதற்குரிய தற்காலிகத் தண்டனை எஞ்சியிருக்கலாம். தவத்தாலும், பொறுமையோடு ஏற்கும் துன்பத்தாலும், மறுமையில் உத்தரிக்கும் ஸ்தலத்திலும் அது தீர்க்கப்படும் என்பது அதன் சாரம். சீர்திருத்தவாதியான கல்வின் இதை மறுத்தார். கடவுளின் தீர்ப்பு இருவகைப்படும் என்றார் அவர். ஒன்று பழிவாங்கும் தீர்ப்பு. அங்கே கடவுள் நீதிபதி. மற்றது திருத்தும் தீர்ப்பு. அங்கே கடவுள் தகப்பன். விசுவாசியின் தண்டனையைக் கிறிஸ்து சுமந்துவிட்டபடியால் அவனுக்கு இரண்டாவது மட்டுமே உரியது.

இரு தரப்பும் தாவீது ராசாவின் கதையைச் சான்றாக எடுத்தன. பத்சேபாளுடன் செய்த பாவம் நீக்கப்பட்டது என்று நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொல்கிறார். ஆனால் பிறந்த குழந்தை நோயுற்று ஏழாம் நாள் இறந்துபோகிறது. மன்னிப்புக்குப் பிறகும் தண்டனை உண்டு என்பதற்கு இது ஆதாரம் என்றது ஒரு தரப்பு. இல்லை, இது தகப்பனின் திருத்தம் என்றது மறுதரப்பு. இந்த விவாதத்தில் குழந்தை தாவீதுக்கான பாடப்புத்தகமாகவே வந்துபோகிறது. கல்வினின் பாகுபாடு உன்னதமானதுதான்; நடுங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு அது ஆறுதலளித்தது. ஆனால் அந்தப் பாகுபாடு முழுவதும் அடிப்பவரின் மனத்துக்குள் இருக்கிறது. அடிபடும் தோலுக்கு அது தெரிவதில்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் தலைமையில், ஆறுமுக நாவலரின் பங்களிப்போடு உருவான தமிழ் வேதாகமம் 1850இல் வெளிவந்தது. எனினும் எமது புரட்டஸ்தாந்து சபைகளில் நிலைத்தது 1871இல் பவர் பாதிரியார் தலைமையில் முடிக்கப்பட்ட மொழிபெயர்ப்புத்தான். எம்மவர் மனப்பாடமாகச் சொல்லும் வசனங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன. 'சிட்சை' என்ற சொல்லை எமது காதில் பதித்ததும் அதுவே. வடமொழியின் 'சிக்ஷா'வுக்குக் கல்வி, பயிற்சி என்பதே பொருள். இந்தியில் இன்றும் பள்ளிக் கல்வியைக் குறிப்பது அந்தச் சொல்தான். தமிழுக்கு வந்தபோது கற்பித்தல் என்ற பொருளோடு தண்டித்தல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பேச்சில் எஞ்சியது பின்னையது. திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிச்சென்று, 'தோலை உரித்தாலும் காரியமில்லை, கண்ணை மட்டும் விட்டுவிடுங்கோ வாத்தியார்' என்று ஒப்படைத்த ஒரு சமூகத்தில் கல்வியும் அடியும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்ததில் வியப்பில்லை.

மூலமொழிகளிலும் நிலைமை இதுதான். எபிரேயத்தில் 'மூசார்' என்று ஒரு சொல் உண்டு. நீதிமொழிகளின் முதலாம் அதிகாரத்தில் தகப்பனிடமிருந்து மகன் கேட்கவேண்டியது இந்த மூசாரைத்தான். எமது மொழிபெயர்ப்பு அங்கே 'புத்தி' என்கிறது. மூன்றாம் அதிகாரத்தில் அதே சொல் 'சிட்சை'யாகிறது. ஏசாயா 53இல், பிறருக்காகத் துன்புறும் ஊழியன்மேல் வந்து விழும்போது, அதே சொல் 'ஆக்கினை'யாகிவிடுகிறது. புத்தி, சிட்சை, ஆக்கினை: ஒரு சொல்லுக்கு மூன்று தமிழ் முகங்கள்.

கிரேக்கத்தில் இதற்கு நிகர் 'பைதேயா'. பிள்ளை என்ற சொல்லிலிருந்து பிறந்து, பிள்ளை வளர்ப்பையும் கல்வியையும் குறித்த சொல் அது. புதிய ஏற்பாட்டில் இதன் வினைச்சொல் வரும் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளில், கமாலியேலின் பாதத்தருகே தான் கல்வி பெற்றதைச் சொல்லப் பவுல் இந்தச் சொல்லைப் பாவிக்கிறார். லூக்கா சுவிசேஷத்தில், இயேசுவிடம் மரணத்துக்குரிய குற்றம் எதையும் காணவில்லை என்று அறிவித்த பிலாத்து, ஆகவே அவரைத் 'தண்டித்து' விட்டுவிடுவேன் என்கிறான். அங்கேயும் இதே வினைச்சொல்தான். சவுக்கடியை ஆளுநர் மாளிகையின் நாகரிக மொழியில் 'பாடம் புகட்டுதல்' என்கிறான் அவன். ஆசிரியரின் பாதமும் அதிகாரியின் சவுக்கும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன. எனவே 'இது தண்டனையல்ல, சிட்சை' என்று ஒருவர் சொல்லும்போது, சொல்லை மாற்றியதால் மட்டும் எதுவும் மாறிவிடவில்லை. எந்தச் சிட்சை என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

சிட்சைக் கொள்கையின் மூலத்தூண் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 12ஆம் அதிகாரம். அது நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தாள்கிறது. ஆனால் இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். நீதிமொழிகளின் எபிரேய மூலத்தில், தான் பிரியம் வைத்த மகனைக் கண்டிக்கும் தகப்பன் ஒருவன் இருக்கிறான், சவுக்கு இல்லை. எபிரெயர் நிருபத்தில் அந்த இடத்தில் தகப்பனைக் காணோம்; மகனைச் சவுக்கால் அடிப்பது என்ற வினை நிற்கிறது. நிருபத்தை எழுதியவர் இதைத் தானாகச் சேர்க்கவில்லை. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பையே அவர் பின்பற்றினார். எபிரேயம் அன்று உயிர்க்குறிகள் இல்லாமல் எழுதப்பட்டது. 'தகப்பனைப்போல' என்று வாசிக்கத்தக்க அதே மெய்யெழுத்துக்களை 'வலியுண்டாக்கு' என்றும் வாசிக்க இடமுண்டு. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இரண்டாவது வழியில் வாசித்திருக்கவேண்டும் என்பது அறிஞர்களின் விளக்கம். ஒரு வாசிப்பில் தகப்பன். மறு வாசிப்பில் பிரம்பு. பின்வந்த நூற்றாண்டுகளின் பிரசங்கங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டன.

இதைவிட முக்கியமான இன்னொரு ஒப்பீடு உண்டு. சர்வவல்லவரின் மூசாரை அற்பமாக எண்ணாதே என்ற அறிவுரை, ஏறக்குறைய அதே சொற்களில், யோபுவின் நூல் ஐந்தாம் அதிகாரத்திலும் வருகிறது. காயப்படுத்துகிறவரும் அவரே, காயம் கட்டுகிறவரும் அவரே என்ற கருத்தும் தொடர்ந்து வருகிறது. அழகான பேச்சு. நோயாளிகளின் படுக்கையருகே இன்றும் வாசிக்கப்படுவது. ஆனால் அதைப் பேசுபவன் எலிப்பாஸ். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதனைப் பார்த்து அவன் இதைச் சொல்கிறான். யோபு குற்றமற்றவன் என்பது முதல் அதிகாரத்திலேயே வாசகருக்குச் சொல்லப்பட்டுவிட்டது. நூலின் முடிவில் கடவுள் எலிப்பாசையும் அவனது இரண்டு நண்பர்களையும் கடிந்துகொள்கிறார். தம்மைக் குறித்து யோபு பேசியதுபோல அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். இத்தனைக்கும் யோபு பேசியது பெரும்பாலும் முறைப்பாடு. நண்பர்கள் பேசியது பக்தி.

ஒரே அறிவுரை நீதிமொழிகளில் ஞானமாகவும் எலிப்பாசின் வாயில் பிழையாகவும் இருக்கிறது. சொற்கள் மாறவில்லை. சொல்லப்பட்ட ஆளும் வேளையும் மாறிவிட்டன. வீட்டில் உட்கார்ந்து மகனுக்கு முன்கூட்டிச் சொல்லும் புத்தி ஒன்று. சாம்பலில் இருப்பவனின் இழப்புக்குக் காரணம் கற்பிப்பது வேறொன்று. எலிப்பாசின் பிழை அவனது இறையியலில் இருந்தது என்பதைவிட, அவன் நின்ற இடத்தில் இருந்தது என்பதே எமது வாசிப்பு. அந்த மூவரும் செய்த ஒரேயொரு நல்ல காரியம், வாய் திறக்குமுன் ஏழு நாள் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான்.

அப்படியானால் எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் எங்கே நிற்கிறார்? அவர் எழுதுவது யாருக்கு என்பதைப் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் விசுவாசத்தின் பொருட்டுப் பகிரங்கமாக அவமானப்படுத்தப்பட்டவர்கள். சிறையில் இருந்தவர்களுக்காகப் பரிதவித்தவர்கள். தமது உடைமைகளைக் கொள்ளை கொடுத்தவர்கள். வீட்டையும் வளவையும் விட்டு வந்த எமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள் என்று ஆசிரியர் அவர்களைக் கேட்கவில்லை. பாவத்தைப் பற்றிப் பேசுகிறார்தான். ஆனால் அங்கே பாவம் எதிர்த்து நிற்கவேண்டிய எதிராளி, இழப்புக்குக் காரணமாகத் தோண்டியெடுக்கப்படும் பழைய கணக்கு அல்ல. எமக்கும் தகப்பன்மார் இருந்தார்கள் என்று தன்னையும் சேர்த்தே பேசுகிறார். அந்தத் தகப்பன்மார் தமக்குச் சரியென்று பட்டபடி கண்டித்தார்கள் என்று ஒரு மெல்லிய ஒதுக்கலும் செய்கிறார். பேச்சு முடியும் இடம் தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் நிமிர்த்துவது. சிட்சை பற்றிய எந்தப் பேச்சுக்கும் இதையே அளவுகோலாக வைக்கலாம். கேட்டவரின் கை நிமிர்ந்ததா, மேலும் தளர்ந்ததா?

எமது வாசிப்புக்குச் சாதகமற்ற இடங்களையும் மறைக்கக்கூடாது. அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியாவும் சப்பீராளும் பொய் சொன்னபின் விழுந்து சாகிறார்கள். யோவான் ஐந்தாம் அதிகாரத்தில், குணமான மனிதனை இனிப் பாவஞ்செய்யாதே, இதைவிடக் கேடானது வரும் என்று இயேசு எச்சரிக்கிறார். கொரிந்து சபையில் பலர் நோயுற்றதையும் சிலர் இறந்ததையும் பவுல் அவர்களது குற்றத்தோடு நேரடியாகவே தொடர்புபடுத்துகிறார். உலகத்தோடு ஆக்கினைக்குள்ளாகாதபடி வந்த சிட்சை என்கிறார். ஆனால் அந்தக் குற்றம் என்ன என்று பார்க்கவேண்டும். கர்த்தருடைய பந்தியில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு குடித்தார்கள்; இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். நோயைப் பாவத்தோடு இணைக்கும் இந்த வசனம், எளியவரை வெட்கப்படுத்துவோருக்கு எதிராக எழுதப்பட்டது. அதையே எடுத்து எளியவரை வெட்கப்படுத்துவது விந்தையான வாசிப்பு.

மறுபுறத்தில் யோவான் ஒன்பதாம் அதிகாரம் இருக்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் இடிந்து இறந்த 18 பேர் வருகிறார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று திட்டவட்டமாகச் சொல்லப்படுகிறது. பிறகு, கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொல்கிறார். இறந்தவர்களைப் பற்றித் தீர்ப்பில்லை. உயிரோடு இருப்பவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும். விரல் வெளியே நீட்டப்படாமல் உள்ளே திருப்பப்படுகிறது.

இதிலிருந்து நாம் வந்தடையும் முடிவு இலக்கணம் சார்ந்தது. 'சிட்சை' என்பது தன்மையில் மட்டும் பொருந்தும் சொல். முன்னிலையிலும் படர்க்கையிலும் அது குற்றச்சாட்டாகிவிடுகிறது. நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லதாயிற்று என்ற பொருளில் 119ஆம் சங்கீதக்காரர் பேசுவது தன்னைப் பற்றி. தீமையைக் கடவுள் நன்மையாக முடியப்பண்ணினார் என்று யோசேப்பு எகிப்தில் சொல்கிறான், விற்கப்பட்டவன் அவன். அதையே அவனை விற்ற சகோதரர்கள் அவனிடம் சொல்லியிருந்தால் எப்படியிருந்திருக்கும்? வசனம் ஒன்றுதான். ஒரு வாயில் அது மன்னிப்பு. மறு வாயில் அது துணிச்சலான அயோக்கியத்தனம்.

ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிசின் இரண்டு நூல்கள் இதற்கு நல்ல சான்று. 1940இல் அவர் வலியின் பிரச்சினை பற்றி ஒரு நூல் எழுதினார். செவிட்டு உலகை எழுப்பக் கடவுள் வலியைப் பாவிக்கிறார் என்பது அதன் புகழ்பெற்ற வாதங்களில் ஒன்று. தெளிவும் தர்க்கமும் கொண்ட நூல். இன்றும் சபைகளில் எடுத்தாளப்படுவது. 1960இல் அவரது மனைவி ஜோய் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு வேறொரு பெயரில் அவர் வெளியிட்ட துயரக் குறிப்புகளில் அந்தத் தெளிவு சிதறிக் கிடக்கிறது. கொடியவனென்றால் எப்போதாவது அலுத்து நிறுத்துவான், நல்லெண்ணமுள்ள சத்திரசிகிச்சை வைத்தியரோ வேலை முடியும்வரை வெட்டிக்கொண்டேயிருப்பார் என்ற பயம் அங்கே பேசப்படுகிறது. லூயிஸ் விசுவாசத்தைக் கைவிடவில்லை. முதல் நூலை மறுதலிக்கவுமில்லை. ஆனால் முதல் நூல் துன்பத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது துன்பத்துக்குள் நின்று பேசுகிறது. எமது பிரசங்கிகளில் பலர் முதல் நூலையே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களோ இரண்டாவது நூலுக்குள் இருக்கிறார்கள்.

தனிமனிதத் துன்பத்திலிருந்து கூட்டுத் துன்பத்துக்கு வரும்போது இந்தக் கொள்கையின் ஆபத்து இன்னும் வெளிப்படையாகிறது. 1995 யூலை 9ஆம் திகதி, இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் தங்கியிருந்த நவாலி புனித பேதுரு பவுல் தேவாலயத்தின்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். 2009க்குப் பிறகு, எமது சனத்தின் பாவத்துக்கும் விக்கிரக வழிபாட்டுக்கும் வந்த தண்டனையே இவ்வழிவு என்ற பேச்சை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் கேட்டிருக்கிறோம். நவாலியில் இறந்தவர்கள் தேவாலயத்தில் இருந்தார்கள் என்பதை இந்தப் பேச்சு எப்படி விளக்கும்? உடனே 'சிட்சை' என்ற மற்றச் சொல் உதவிக்கு வருகிறது. மற்றவனுக்குத் தண்டனை, எம்மவனுக்குச் சிட்சை. குண்டு இரண்டையும் வேறுபடுத்தி விழுவதில்லை.

இவ்விளக்கத்தின் விளைவு பக்தியோடு நின்றுவிடுவதில்லை. குண்டு கடவுளின் பிரம்பென்றால் அதைப் போட்டவன் கடவுளின் கை. பிறகு யாரிடம் நீதி கேட்பது? விசாரணை எதற்கு? ஏசாயா தீர்க்கதரிசி அசீரியாவைக் கடவுளின் கோபத்தின் கோல் என்று அழைத்தது உண்மை. ஆனால் அதே அதிகாரத்தில், அந்தக் கோலின் அகந்தைக்கும் கொலைவெறிக்கும் கணக்குக் கேட்கப்படும் என்றும் அவர் சொல்கிறார். எமது பிரசங்கங்களில் முதற்பாதி மட்டும் வாசிக்கப்படுகிறது. கொல்லப்பட்டவரின் பாவத்தைத் தேடும் இறையியல், கொன்றவருக்குச் செலவில்லாத சட்டத்தரணியாகிவிடுகிறது.

இறுதியாக, எமது வீடுகளுக்குள் நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தையும் குறிப்பிடவேண்டும். 'அடியாத மாடு படியாது', 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழிகளோடு வளர்ந்தவர்கள் நாம். எபிரெயர் நிருபத்தின் உவமை எமக்கு விளங்குவதற்கு அந்த வளர்ப்பே துணைசெய்தது. ஆனால் நாம் வந்து சேர்ந்த நாடுகள் தகப்பன் கையிலிருந்த பிரம்பைச் சட்டத்தால் பறித்துவிட்டன. சுவீடன் 1979இலும் நோர்வே 1987இலும் ஜேர்மனி 2000இலும் பிரான்ஸ் 2019இலும் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்தன. கனடாவில் பெற்றோருக்கிருந்த சட்டப் பாதுகாப்பை 2004இல் உயர் நீதிமன்றம் முற்றாக நீக்கவில்லை. ஆனால் பிரம்பு போன்ற பொருட்களால் அடிப்பதை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளியது. ஒஸ்லோவிலும் பாரிசிலும் பிறந்த எமது பிள்ளைகள் ஞாயிறு பாடசாலையில் இந்த வசனத்தைக் கேட்கிறார்கள். அப்பா செய்தால் குற்றமாகும் ஒன்றை ஆண்டவர் செய்தால் எப்படி அன்பாகும் என்பது அவர்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. அதைத் துடுக்கென்று அடக்கினால் பிள்ளைகள் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள்; வந்தாலும் கேட்கமாட்டார்கள்.

பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூசாரின் முதல் தமிழ் முகம் புத்தி. சிட்சையின் பழைய பொருள் கல்வி. பிரம்பில்லாமலும் பிள்ளையைத் திருத்தலாம் என்று, இரண்டு வேலை முடித்து வந்து இரவில் பிள்ளையின் பாடப்புத்தகத்தோடு, தனக்கு விளங்காத மொழியில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ எம்மவர்கள் இந்த நாடுகளில் கற்றுக்கொண்டார்கள். தகப்பன் என்ற சொல்லைக் கடவுளுக்கு வைக்கும் சபைகள், இந்தத் தகப்பன்மாரையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.